அப்பா பெரியப்பா ஆன மழைக்காலம்

போன வாரம் எங்கள் தாமான் குடியிருப்பில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் பெண் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். கூலிம் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். கைப்பேசியிலேயே கடன் வாங்கியிருக்கிறாள், கட்ட முடியவில்லை. கடன் கொடுத்தவர்கள் அவள் படத்துக்குக் கீழே "திருடி" என்று எழுதி, அவளுடைய சூப்பர்வைசர் முதல் மாமியார் வரை எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஆண்ட்டி, இந்த ஒரு தடவ நீங்க எடுத்து நான் இல்லன்னு சொல்லிடுங்களேன் லா."

"அதை மட்டும் சொல்ல மாட்டேன்" என்றேன். பாவம், அவள் முகம் சுருங்கிப்போனது. "அடிக்கட்டும், எடுக்காதே. வந்த மிரட்டலையெல்லாம் அழிக்காம வை. நாளைக்கு உனக்கு ஆஃப்தானே, போலீஸ் ஸ்டேசனுக்கு நானும் கூட வர்றேன்" என்று சொல்லி, தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் போய்வந்தோம். ஆனால் அவள் கேட்ட அந்த "இல்லன்னு சொல்லிடுங்க" எனக்குள் எதையோ கிளறிவிட்டது. அடுப்பில் குழம்பு தீய்ந்து நாறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

என் வயதுக்காரர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். நாம் எல்லோருமே அந்த இல்லை என்ற சொல்லைச் சொல்லி வளர்ந்தவர்கள்தாம். மளிகைக் கடைக்காரர் வந்தால் அப்பா இல்லை, சீட்டுப் பிடிக்கிற அக்கா வந்தால் அம்மா இல்லை. உள்ளே அப்பா இருமுவது வெளியே கேட்கும். கேட்டவரும் கேட்காததுபோல் போய்விடுவார். அதெல்லாம் ஒரு மரியாதை. எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சொல் அப்படிச் சும்மா போகவில்லை.

கோலா கெத்திலுக்குப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று சொல்வது பழக்கதோஷம், ஒரு செடிகூட எங்களுடையது கிடையாது. அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். ஓட்டுகிற கைக்குச் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று ஆசை வந்து, பழைய வேன் ஒன்றை வாங்கினார். தோட்டத்துப் பெண்களை டவுன் பேக்டரிகளுக்கு ஏற்றி இறக்குவதாகத் திட்டம். நீலநிற வேன். அதன் இருக்கைகளில் வெயில் படும்போது ரப்பர் சீட்டும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசனை வரும். எனக்கு அது பிடிக்கும், அம்மாவுக்குக் குமட்டும். பேங்கில் கொடுக்க மாட்டார்கள் என்று, டவுனில் வட்டிக்கு விடும் ஒரு சீன முதலாளியிடம், தவுக்கே என்போம், அப்பா வாங்கினார். வேன் ஓடியதைவிடப் படுத்த நாள்தான் அதிகம். கடைசியில் எஞ்சின் செத்து, பழைய இரும்புக்குப் போய்விட்டது. கடன் மட்டும் நன்றாக ஓடியது.

தவுக்கேயின் ஆட்கள் முதலில் வந்தபோது மரியாதையாகத்தான் வந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், தம்பியின் கன்னத்தைக் கிள்ளினார்கள். பிறகு அப்பாவின் சைக்கிள் போனது. ரேடியோ போனது. லயத்து வாசலில் நின்று கத்துவார்கள், வரிசை முழுக்கக் கேட்கும். கோயில் திருவிழாவில் அப்பா சாமி தூக்கிக்கொண்டு வரும்போதே வழிமறித்துக் கேட்டார்கள். அப்பா தோளில் தண்டு இருந்தது, கீழே வைக்கவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. நான் பக்கத்தில் தேங்காய்த் தட்டோடு நின்றேன். ஒருநாள் பள்ளிவிட்டு வந்தால் வீட்டுச் சுவரெல்லாம் சிவப்புச் சாயம். உள்ளே மாட்டியிருந்த அப்பா அம்மா கல்யாணப் படத்தின் மேலும் ஒரு வாளி ஊற்றியிருந்தார்கள். அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள். சாயத்தோடு படமும் வந்துவிட்டது.

மேனேஜர் கூப்பிட்டு, தோட்டத்தில் தொந்தரவு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பா கோலா கெடாவுக்குப் போனார். அங்கே மீன் சந்தையில் ஐஸ் உடைத்துப் பெட்டியில் நிரப்பும் வேலை. அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கூலிமுக்கு வந்து, கடைவரிசைக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் குடியேறினாள். எங்களை அங்கே யாருக்கும் தெரியாது. அதுதான் வசதி என்று அம்மா சொன்னாள்.

அந்த மழைக்காலத்தைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். பள்ளி நீண்ட விடுமுறை. தகரக்கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அம்மா ஒரு சாப்பாட்டுக் கடைக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். மூட்டை மூட்டையாக வரும். வீடு முழுக்க வெங்காயத் தோல் பறக்கும், மழை ஈரத்தில் அது காலில் ஒட்டிக்கொள்ளும். அம்மாவின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். தாலி அடகுக்கடையில் இருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறும், அதில் ஒரு துண்டு விரலி மஞ்சளும்தான். ஆனால் நெற்றியில் பொட்டு மட்டும் முன்பைவிடப் பெரிதாக வைப்பாள். தம்பிக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது. ஆண்குரல் எங்கே கேட்டாலும் "அப்பா" என்று வாசலுக்கு ஓடுவான்.

எங்கள் இருப்பிடத்தை எப்படித்தான் மோப்பம் பிடித்தார்களோ. ஒரு காலைப்பொழுது தவுக்கேயே நேரில் வந்து நின்றார். கூடவே வசூல்காரர், தமிழர்தான். எல்லாரும் அவரை அண்ணன் என்போம், அம்மா மட்டும் கூட்டுக்களவாணி என்பாள். தோட்டத்தில் கத்தினவர், சாயம் ஊற்றினவர் எல்லாம் அவர்தான்.

அம்மா வெங்காயக் கத்தியோடு எழுந்து வாசலில் நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தபடி இருந்தது. வீட்டுக்காரர் எங்கே என்று தவுக்கே மலாயில் கேட்டார். நம் அம்மாக்கள் பேசிய மலாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். மனசுக்குள் தமிழில் அடுக்கி, அதை அப்படியே மலாய்ச் சொல்லாக மாற்றி வெளியே தள்ளுவார்கள். அவர் இங்கே இல்லை, போய்விட்டார் என்று அம்மா சொல்ல நினைத்தாள். ஆகிவிட்டது என்பதற்கு சூடா. இல்லை என்பதற்கு தாடா. லக்கி சாயா, அதாவது என் புருசன், என்பதோடு இரண்டையும் சேர்த்தாள்.

"லக்கி சாயா சூடா தாடா."

தவுக்கே குடையைத் தாழ்த்தினார். அவர் முகமே மாறிவிட்டது. எப்போது என்று கேட்டார். அப்பா போன நாளைக் கேட்கிறார் என்று நினைத்து, போன மாதம் என்றாள் அம்மா. சாக்கிட்டா என்றார், நோயா என்று. எங்கள் கஷ்டத்தைக் கேட்கிறார் என்று அம்மாவுக்கு நினைப்பு.

"சாக்கிட் தவுக்கே. பாஞ்ஞா சாக்கிட்" என்று, ரொம்ப என்பதை அழுத்திச் சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

தவுக்கே பையில் கைவிட்டு, கொஞ்சம் பணத்தை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார். கடன் கேட்டு வந்தவர் காசு கொடுக்கிறாரே என்று அம்மா விழித்தாள். பயத்தில் வாங்கிக்கொண்டாள். அவர் தம்பியின் தலையைத் தொட்டுவிட்டுக் காருக்குப் போனார்.

வசூல்காரர் நகரவில்லை. அம்மாவின் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார்.

"அக்கா, நீங்க என்னா சொன்னீங்கன்னு உங்களுக்கே தெரியல. உங்க வீட்டுக்காரரு செத்துட்டாருன்னு சொல்லியிருக்கீங்க. மலாயில அதுக்கு அதான் அர்த்தம். தவுக்கே நம்பிட்டாரு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்படியே விட்டுருங்க. செத்தவங்க மேல அவரு வட்டி போட மாட்டாரு, பந்தாங் பாப்பாரு, ஆகாதும்பாரு. ஆனா நெத்தியில பொட்டு இருக்கு. அடுத்த தடவ அவரு வேற தமிழாளு யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வந்தா, பாத்ததும் சொல்லிருவாங்க. நீங்களே பாத்துக்குங்க."

அவர் போனபிறகு அம்மா தன் வாயிலேயே பட்டுப்பட்டென்று அடித்துக்கொண்டாள். உப்பும் மஞ்சளும் போட்டு வாய் கொப்பளித்தாள். சமைக்கவில்லை. நான் போய்ப் பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்கி வந்து தம்பிக்குக் கொடுத்தேன். அந்தப் பணத்தைத் தொடாமல் அரிசி டின்னுக்கு மேல் வைத்திருந்தாள். இரண்டு நாள் அப்படியே இருந்தது, பிறகு அதில்தான் அரிசி வாங்கினோம்.

இதையெல்லாம் இன்றைக்குப் பேசினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பொட்டுத்தானே, ஸ்டிக்கர்தானே, எடுத்தால் என்ன என்பார்கள். நான் பார்த்தேன். ஒரு காலை குளித்துவிட்டு வந்து அம்மா கண்ணாடி முன் நின்றாள். குங்குமச் சிமிழை எடுத்தாள், திறந்தாள், மோதிர விரலை உள்ளே வைத்தாள். பிறகு விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு மூடினாள். மஞ்சள் கயிற்றைக் கழற்றவில்லை, ரவிக்கைக்குள் தள்ளி ஊக்கு குத்திக்கொண்டாள். திரும்பி என்னைப் பார்த்து, "என்னாடி பாக்குற, வெங்காயத்த எடு" என்றாள். நான் அழுதேன். வெங்காயம் உரித்ததால் அழுதேன் என்று யாரும் நினைக்க வசதியாக இருந்தது.

அடுத்த வீட்டுப் பெண்கள் வந்து கேட்டார்கள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அவ்வளவுதான், எங்கள் தெருவுக்கு அவள் கைம்பெண். ஒரு வீட்டில் வளைகாப்பு என்று பலகாரம் செய்யக் கூப்பிட்டார்கள். செய்து கொடுத்தாள். வளையல் போடும்போது கொல்லைப்புறத்தில் உட்கார வைத்தார்கள். அம்மா அங்கேயே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ரவிக்கைக்குள் கயிறு இருப்பது எனக்குத் தெரியும். எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது.

அடுத்த சில வாரத்தில் வசூல்காரர் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவரைத் தனியாகக் கண்டதும் அம்மாவுக்கு வேறு பயம் வந்துவிட்டது. புருசன் இல்லாத வீடு என்று நாடகமாட வைத்ததே இவன்தான், இப்போது எதையோ கேட்க வருகிறான் என்று நினைத்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"அக்கா, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடுறேன்."

"வாசல்ல நிக்காத. கத்துனா ஊரே வரும்."

"நான் அந்த மாதிரி ஆளு இல்லக்கா. நானும் தவுக்கேகிட்ட வாங்கித்தான் மாட்டியிருக்கேன். அதுக்குத்தான் இந்த வேல பாக்குறேன். ஞாயித்துக்கிழம—"

அம்மா கதவை உள்ளிருந்து ஓங்கித் தட்டினாள், போ போ என்று. மழையில் மீதி வார்த்தை கரைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவுக்கே வருகிறார் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார். அம்மா கேட்டிருந்தால் எங்கள் கதையே வேறு. ஆனால் வீட்டில் சாயம் ஊற்றினவன் நல்லது சொல்ல வருவான் என்று யார்தான் நினைப்பார்கள்? இன்றைக்கும் அம்மாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அப்பாவும் வந்தார். சொல்லாமல் வந்தார். ஒரு பிளாஸ்டிக் பையில் மீன், மேலெல்லாம் ஐஸும் உப்பும் கலந்த வாசனை. கையெல்லாம் வெடித்திருந்தது. அம்மாவின் நெற்றியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா அவரை உள்ளே இழுத்து, நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அப்பா சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார்.

"அப்ப வட்டி நின்னுருச்சா?" என்றார். அதைக் கேட்டதும் அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது.

"பொட்டு வச்சுக்க. நான் இருக்கேன்ல" என்றார் அப்பா.

"இருங்க, மீனக் கழுவிட்டு வந்து வைக்கிறேன்" என்றாள்.

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் கார் வந்து நின்றது. கொல்லைப்புறம் வழியாகப் போக அப்பாவுக்கு நேரமில்லை. தவுக்கே வாசலுக்கே வந்துவிட்டார், பின்னால் வசூல்காரர். நல்லவேளை, தவுக்கே அதுவரை அப்பாவைப் பார்த்தது வேனுக்குப் பணம் வாங்கிய அன்று ஒரே ஒருமுறை. அப்போது அப்பாவுக்கு அடர்ந்த மீசை, கொழுத்த கன்னம். இப்போது எலும்பும் தோலுமாகத் தாடியோடு இருந்தார்.

இது யார் என்றார் தவுக்கே.

அம்மா மீன் கையோடு முன்னால் வந்தாள். அவ்வளவு தெளிவாக அவள் மலாய் பேசி நான் கேட்டதே இல்லை.

"அபாங் லக்கி சாயா."

என் புருசனுடைய அண்ணன் என்று அர்த்தம். தவுக்கே அப்பாவை உற்றுப் பார்த்தார். முகம் ஒரே மாதிரி இருக்கிறதே என்றார். கூடப் பிறந்தவர்கள் என்றால் ஒரே மாதிரிதான் இருப்பார்கள் பாஸ் என்று வசூல்காரர் சட்டென்று சொன்னார். அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தம்பி தூங்கி எழுந்து வந்தான். அப்பாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பா, அப்பா" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான்.

இந்த நாட்டில் அப்பா என்றால் தெரியாதவர் யார்? தவுக்கேயின் முகம் இறுகியது. அப்பா தம்பியைத் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

வசூல்காரர்தான் சிரித்தார். தமிழர்களிடம் அப்பாவின் அண்ணனும் அப்பாதான் பாஸ், பெரிய அப்பா என்றுதான் கூப்பிடுவோம், சின்னப்பிள்ளை பெரியை விட்டுவிட்டது என்று மலாயில் விளக்கினார். அது பொய்யும் இல்லை. நம் முறை அப்படித்தானே. பிறகு தம்பி முன்னால் குந்தி உட்கார்ந்து அவன் தாடையைப் பிடித்தார்.

"பெரியப்பான்னு சொல்லணும்யா. எங்க சொல்லு, பெரியப்பா."

தம்பி அவரையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தான்.

"பெய்யப்பா" என்றான்.

"ஆங், அதான்" என்று வசூல்காரர் அவன் தலையைத் தடவினார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

தவுக்கே இளகிவிட்டார். செத்தவர் மேல் வட்டி இல்லை, ஆனால் வாங்கிய முதல் வாங்கியதுதான், அண்ணன் இருக்கிறாரே, தம்பிக்காக மாதாமாதம் கொஞ்சம் கொடுக்கட்டும் என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு ஒத்துக்கொண்டார். இப்படித்தான் அப்பா தன் கடனுக்குத் தானே பொறுப்பேற்றார், தன் அண்ணனாக. அவருக்கு அண்ணனே கிடையாது.

அன்றைக்கு அம்மா பொட்டு வைக்கவில்லை.

அதன்பிறகு மாதம் ஒரு ஞாயிறு பெரியப்பா வருவார். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் காது இருந்தது. முன்வாசல் பெஞ்சில் உட்காருவார். அம்மா தலையில் முந்தானை போட்டுக்கொண்டு, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போவாள். வசூல்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனதும் பெரியப்பாவும் மாலைப் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். கைம்பெண் வீட்டில் கொழுந்தன் முறைக்காரரோ மூத்தாரோ தங்கினால் ஊர் சும்மா இருக்குமா? பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் தம்பியும் போவோம். கடைவரிசை முக்கு திரும்பியதும் அப்பா என் கையைப் பிடித்துக்கொள்வார். நான் மெதுவாக அப்பா என்பேன். தம்பி காதில் விழாமல்தான் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளை, எங்காவது உளறிவிடுவான். பின்னால் சொல்லிக்கொள்ளலாம், சின்ன வயசு, எல்லாம் மறந்துவிடும் என்று அம்மாவும் அப்பாவும் பேசி வைத்திருந்தார்கள். பெரியவர்கள் போட்ட கணக்கிலேயே மோசமான கணக்கு அதுதான்.

தம்பி வளர்ந்தான். மழைக்காலம் வந்து போய் வந்து போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு அப்பா இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும், தெருவில் எல்லோரும் சொன்னார்கள். ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே கேட்டான்.

"பெரியப்பா, எங்கப்பா எப்படி இருப்பாரு?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் கோலிக்காயை உருட்டுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

"உங்கப்பாவா? என்ன மாதிரிதான்யா இருப்பான். கொஞ்சம் அழகா இருப்பான்."

"வண்டி ஓட்டுவாரா?"

"ஓட்டுவானே. ஒரு நீல வேன் வச்சிருந்தான். உன்ன மடியில வச்சுக்கிட்டு ஸ்டியரிங்க புடிக்க விடுவான். நீ ஹாரன விடவே மாட்ட."

"என்ன புடிக்குமா அவருக்கு?"

அப்பா அவன் ஆட்டுகிற காலைப் பிடித்து நிறுத்தினார்.

"அவனுக்கு உன்னத் தவிர வேற எதுவும் புடிக்காதுடா" என்றார்.

உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அன்றுமுதல் தம்பிக்கு அதுவே வேலையாகப் போயிற்று. பெரியப்பா வந்தால் செத்த அப்பாவைப் பற்றிக் கேட்பான். அப்பாவும் சொல்வார். டிராக்டர் கதை, சாமி தூக்கிய கதை, ஆற்றில் முதலையைப் பார்த்ததாக ஒரு புளுகு. சொல்லச் சொல்ல, அந்தச் செத்த அப்பா எங்கள் வீட்டில் பெரிய ஆளாகிவிட்டார். தம்பி ராத்திரி படுக்கும்போது அவருக்குத்தான் குட்நைட் சொல்வான்.

கடன் ஒருவழியாக அடைந்தது. கடைசியாக வந்த அன்று வசூல்காரர் அம்மாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அம்மா அவரை உட்காரச் சொன்னாள், அவர் உட்காரவில்லை. அவர் கடன் அடைந்ததா என்று தெரியாது. பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவே இல்லை.

அம்மா தாலியை மீட்டு, பொட்டு வைத்து, தம்பியை மடியில் உட்கார வைத்து உண்மையைச் சொன்னாள். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், புதுச்சட்டை போட்டுக்கொண்டு. தம்பிக்கு அப்போது பள்ளிக்குப் போகிற வயது. எல்லாவற்றையும் கேட்டான். அம்மாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ பெரியப்பாவக் கல்யாணம் கட்டிக்கிட்டியா?" என்றான்.

அம்மா அவனை அறைந்துவிட்டாள். அதுவரை அவள் அவனை அடித்ததே இல்லை. இவருதான்டா உங்கப்பா என்று அழுதுகொண்டே சொன்னாள். அவன் நம்பவில்லை. காட்டுவதற்குக் கல்யாணப் படமும் இல்லை. முகத்தைப் பார் என்றால், அண்ணன் தம்பி முகம் ஒண்ணாத்தான் இருக்கும் என்றான். தெருவும் அதையேதான் பேசியது. பல்லைக் கடித்துக்கொண்டு சில மாதம் இருந்துவிட்டு, சுங்கை பட்டாணிக்கு வீடு மாறினோம்.

வளர்ந்தபிறகு அவனுக்குத் தெரியாமல் இல்லை. பிறப்புப் பத்திரம் இருக்கிறது, அத்தைகள் சொன்னார்கள், ஷேவ் பண்ணும்போது கண்ணாடியே சொல்லியிருக்கும். நம்பவில்லை என்று சொல்ல முடியாது. வாய்தான் வரவில்லை. பெரியப்பா என்பதை விட்டுவிட்டான், வேறு எதையும் பிடிக்கவும் இல்லை. "சாப்பிட்டாச்சா", "மருந்து எடுத்தாச்சா" என்று மொட்டையாகவே பேசுவான். கவனிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. முதல் சம்பளத்தில் வேட்டி வாங்கிக் கொடுத்தான். அம்மா காலமானபிறகு தன்னோடு வைத்துக்கொண்டான். அப்பாவும் அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை. என்னிடம் மட்டும் ஒருமுறை, "கேட்டு வாங்குற பேராம்மா அது" என்றார்.

இந்த வருடத் தொடக்கத்தில் அப்பா சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் படுத்தார். நுரையீரல் முழுக்கச் சளி. காதும் சரியாகக் கேட்கவில்லை. தம்பி கூலிமில் ஷிப்ட் முடித்து நேராக வந்து நிற்பான், கம்பெனிச் சட்டையோடு. ஒரு மாலை புதிதாக ஒரு மலாய் நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், தலையணையைச் சரிசெய்துகொண்டே தம்பியிடம் பேச்சுக்கொடுத்தாள், இவர் உங்களுக்கு யார் என்று.

"பாப்பா சாயா" என்றான் தம்பி.

அவ்வளவு இயல்பாகச் சொன்னான். மலாயில் சொல்ல அவன் வாய் தடுக்கவே இல்லை. சொன்னது அவனுக்கே தெரிந்ததா என்றுகூட எனக்குச் சந்தேகம். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டான்.

அப்பா என் கையைச் சுரண்டினார்.

"பாப்பாங்கிறான். எந்தப் பாப்பா?"

"பாப்பா இல்லப்பா. மலாயில சொன்னான். அந்த நர்ஸு நீங்க யாருன்னு கேட்டா. எங்கப்பான்னு சொன்னான்."

"என்னையா?"

"உங்களத்தான்."

அப்பா மேலே சுற்றும் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் வழிந்து காதுக்குள் போனது, நான் துடைத்தேன். பிறகு மெல்லச் சொன்னார்.

"எனக்குச் சரியா கேக்கலம்மா. நாளைக்குத் தம்பி வர்றப்ப, அந்தப் புள்ளைய இன்னொரு தடவ கேக்கச் சொல்றியா?"

சரி என்றேன். மறுநாள் அந்த நர்ஸைத் தேடிப்போனேன். ஷிப்ட் மாறிவிட்டாள், இனி இரவு வேலை என்றார்கள். தம்பிக்கும் அந்த வாரம் ஷிப்ட் மாற்றம், காலையில்தான் வந்தான். அவன் வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள், அவள் வந்தபோது அவன் வேலையில் இருந்தான். வேறு யாரையாவது கேட்கச் சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்த விடியற்காலையில் அப்பா போய்விட்டார். அதற்கு முந்தின மாலைவரைக்கும் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பிதான் கொள்ளி வைத்தான். காரியங்களை முறையாகச் செய்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, சாப்பிடவும் இல்லை. இப்போதும் வாரம் ஒருமுறை எனக்குப் போன் செய்கிறான். அப்பா அப்படிக் கேட்டதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். சொன்னால் அவன் தாங்குவானா, சொல்லாமல் நான் கண்ணை மூடினால் அது அவனுக்குச் செய்கிற துரோகமா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.